வைரஸை எவ்வளவு சோம்பேறியாக்கலாம்? உயிருள்ள ஃபுளூ தடுப்பு மருந்துக்கு ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

கடந்த இரண்டு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் கம்பஸில் கடைசி வருஷம் படிக்கும் தங்கச்சி. உயிருள்ள இன்ஃபுளுவென்சா தடுப்பு மருந்து (பலவீனமாக்கிய ஃபுளூ வைரஸை உயிரோடு மூக்கில் அடிப்பது) என்று செமினாருக்குத் தலைப்பு எடுத்துவிட்டு, எதைப் பிடிப்பது எதை விடுவது என்று தெரியாமல் நிற்கிறார். இன்னொருவர் மருந்து இறக்குமதி செய்யும் இடத்தில் வேலை பார்க்கும் நண்பர், "நாங்களே இங்கே செய்தால் என்ன?" என்ற கனவு அவருக்கு. மூன்றாமவர் பிள்ளைகளைப் பார்க்கும் டொக்டர். வெள்ளவத்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, "அதெல்லாம் சரி, இந்த வைரஸை எப்படித்தான் சாதுவாக்குகிறார்கள், எந்த முறையை நம்பலாம்?" என்று கேட்டார். மூவருக்கும் துண்டு துண்டாகப் பதில் சொல்லி வாய் வலித்ததால் இதை ஒரேயடியாக எழுதுகிறேன்.

நான் தடுப்பு மருந்து தயாரிப்பவன் இல்லை. ஆய்வுகூடத்தில் வைரஸைக் கண்டுபிடிக்கும் பக்கத்து ஆள். இடையில் ஒரு பயிற்சிக்காக ஆறு மாதம், வைரஸை வளர்க்கும் கருக்கொண்ட கோழி முட்டைகளோடு குடித்தனம் நடத்தியவன், அவ்வளவுதான். அந்தக் கோணத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

## உண்மையில் எதைத் தேர்வு செய்கிறோம்?

இன்ஃபுளுவென்சா வைரஸின் பரம்பரைத் தகவல் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. அதில் இரண்டு துண்டு மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் எச்.ஏ., என்.ஏ. என்ற புரதங்களுக்கு உரியவை. எங்கள் உடல் முக்கியமாக அடையாளம் காண்பதும் இவற்றைத்தான், வருஷா வருஷம் உருமாறி எங்களை ஏமாற்றுவதும் இவைதான். மிச்சம் ஆறு துண்டும் உள்வேலைக்கு: வைரஸ் தன்னைப் பிரதியெடுக்க, பொதி கட்ட, எங்கள் கலத்தின் காவலை ஏய்க்க.

ஆகவே ஒரு தடவை மெனக்கெட்டு அந்த ஆறு துண்டையும் சாதுவாக்கிய ஒரு கொடை வைரஸைத் தயாரித்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ஆண்டும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் புதுத் திரிபின் எச்.ஏ., என்.ஏ. இரண்டை மட்டும் அதில் மாட்டிவிடலாம். வேகம் குறைத்த ஒரே த்ரீவீல் எஞ்சினுக்கு வருஷா வருஷம் புது பொடி (வண்டியின் வெளிக்கூடு) அடிப்பது மாதிரி. ஆறும் இரண்டும் சேர்ந்த இந்தக் கலவையை இத்துறைக்காரர்கள் '6:2' என்று சொல்வார்கள்.

தேர்வு என்பது இந்த எஞ்சினைப் பற்றியது. பொடியை ஜெனீவாவில் முடிவு செய்கிறார்கள், அதில் எங்களுக்கு வேலை இல்லை.

## எதை வைத்து அளப்பது?

முதல் அளவுகோலை எல்லாரும் சொல்லிவிடுவார்கள்: பாதுகாப்பு. இதில் கவனிக்க வேண்டியது எவ்வளவு பலவீனம் என்பதைவிட எங்கே பலவீனம் என்பது. மூக்கின் உள்பக்கம் சுமார் 32, 33 பாகை செல்சியஸ். நுரையீரல் 37. மூக்கில் பெருகி நுரையீரலில் முடங்கும் வைரஸ்தான் எங்களுக்கு வேண்டும்.

இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், என் கணக்கில் அதுதான் முதலாவதாக இருக்க வேண்டியது: பிடிக்குமா? மருந்து வைரஸ் மூக்கில் கொஞ்சமாவது பெருகினால்தான் உடல் அதைக் கவனிக்கும். அளவுக்கு மீறிச் சாதுவான வைரஸ் வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் போய்விடும். காசு கொடுத்து உப்புத்தண்ணீர் அடித்த மாதிரி.

அப்புறம், திரும்பி முரடாகுமா என்ற கேள்வி. வாய்வழிப் போலியோ மருந்தில் இது நடந்தது. அதன் இரண்டாம் வகையை 2016 ஏப்ரலில் உலகம் முழுவதும் வழக்கப் பாவனையிலிருந்து எடுத்ததற்கு அதுவே காரணம். அதற்காக உயிருள்ள மருந்து என்றாலே பயப்படத் தேவையில்லை. இங்கே இலங்கையில் பிள்ளைகளுக்கு பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி.யும் உயிருள்ளதுதான், 2009 முதல் போடும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் உயிருள்ளதுதான்.

மற்றவை வியாபாரக் கணக்குகள்: வருஷா வருஷம் எவ்வளவு சீக்கிரம் புதுத் திரிபை மாட்டலாம், எதில் வளர்ப்பது, உரிமை யாரிடம், எவ்வளவு குளிர் வேண்டும். கடைசிக் கேள்வியைச் சிறியதாக நினைக்காதீர்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன இடம் இது. அன்று இரவு டீசல் தேடி ஓடியவர்களில் நானும் ஒருவன். ஆழ்குளிர்ப் பெட்டியின் சிவப்பு எண் மைனஸ் 80 இலிருந்து மைனஸ் 61 க்கு ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

## ஏற்கெனவே தோற்ற இரண்டு

தெரிவுகளுக்குப் போகுமுன் இந்த இரண்டையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மேலே உள்ள அளவுகோல்கள் இவற்றின் சாம்பலில் இருந்துதான் வந்தன. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் சானக், மர்ஃபி குழுவினர் இரசாயனம் கொடுத்து வைரஸில் விகாரங்களை (பரம்பரைத் தகவலில் எழுத்து மாற்றங்களை) உண்டாக்கி, சூடு தாங்காத வைரஸ்களைப் பொறுக்கி எடுத்தார்கள். நன்றாகவே போனது, முன்பு ஃபுளூ நிர்ப்பீடனம் (எதிர்ப்புச் சக்தி) எதுவும் இல்லாத ஒரு குழந்தையில் அந்தச் 'சூடு தாங்காத' குணம் காணாமல் போகும்வரை. இரண்டு மூன்று விகாரங்களின் மேல் முழுப் பாரத்தையும் வைத்தால் இதுதான் கதி. அடுத்து வாத்து வைரஸின் ஆறு துண்டை எடுத்து மனித வைரஸின் இரண்டோடு கலந்து பார்த்தார்கள். பெரியவர்களில் சாதுவாக இருந்த அதில் சில கலவைகள் சின்னப் பிள்ளைகளில் சேட்டை காட்டின. விட்டுவிட்டார்கள்.

## வழி 1: ஆன் ஆர்பர், குளிருக்குப் பழக்கியது

1960 இல் பிடித்த ஒரு வைரஸை, ஆன் ஆர்பர் நகரில் இருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹுனைன் மாஸாப் கோழிக்குஞ்சின் சிறுநீரகக் கலங்களில் வளர்த்து, வெப்பநிலையைப் படிப்படியாகக் குறைத்து 25 பாகை வரை கொண்டுவந்தார். குளிரில் நன்றாக வளரக் கற்றுக்கொண்ட வைரஸ், சூட்டில் வளர மறந்துபோனது. ஃபுளூவின் ஏ வகைக்கு இது, பி வகைக்கு 1966 ஆம் ஆண்டு வைரஸ் ஒன்று. இவற்றின் மேல் கட்டிய ஃபுளூமிஸ்ட் என்ற மூக்கு மருந்து 2003 இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 43 வருஷம். ஒரு ஆராய்ச்சியாளரின் முழு உத்தியோக காலம்.

பலவீனம் எங்கே இருக்கிறது என்பது பிறகு தெளிவாகியது: மூன்று பரம்பரை அலகுகளில் பரவியிருக்கும் ஐந்து முக்கிய விகாரங்கள். ஒன்று திரும்பினாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். பின்லாந்தில் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களில் 197 சின்னப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, மருந்து பெறாத ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் மருந்து வைரஸ் பரவியது உறுதியானது. பரவிய வைரஸும் சாதுவாகவே இருந்தது.

ஆக, பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது. சறுக்கியது நான் சொன்ன இரண்டாவது அளவுகோலில். 2009 எச்1என்1 (பன்றிக் காய்ச்சல் என்று பேசப்பட்ட ஏ வகை) வந்தபின் அந்த வகைக்கு எதிராக மருந்து அமெரிக்காவில் சரியாக வேலை செய்யவில்லை. முதலில் மாட்டிய கலிபோர்னியா திரிபின் எச்.ஏ. சூடு தாங்காமல் உடைந்தது. விநியோகத்தில் வெப்பம் பட்ட மருந்து செத்துப்போனது. சரி என்று சூடு தாங்கும் பொலிவியா திரிபுக்கு மாறினார்கள். அது லொறியில் செத்துப்போகவில்லை, ஆனால் மனித மூக்கின் கலங்களில் ஒழுங்காகப் பெருகவில்லை! 2016-17, 2017-18 என இரண்டு பருவங்களுக்கு அமெரிக்க ஆலோசனைக் குழு இதைப் பரிந்துரைக்கவே இல்லை. 2015 ஆம் ஆண்டின் ஸ்லோவேனியா திரிபைப் போட்டு, அது பிள்ளைகளில் பிடிக்கிறது என்று காட்டிய பிறகுதான் 2018-19 இல் திரும்ப வந்தது. பிரித்தானியாவும் பின்லாந்தும் அந்த இரண்டு ஆண்டும் நிறுத்தவில்லை. அவர்களுடைய தரவில் மருந்து பரவாயில்லாமல் வேலை செய்தது.

இதில் கவனிக்க வேண்டியது, இவ்வளவு கூத்து நடந்தபோதும் எஞ்சின் மாறவேயில்லை. அதே ஆறு துண்டு. பொடி பொருந்தவில்லை, அவ்வளவுதான். எஞ்சினின் பலத்தைக் கடைசி எல்லை வரை குறைத்துவிட்டால், பொடி கொஞ்சம் பாரமானாலும் வண்டி ஏற்றத்தில் நின்றுவிடும். வருஷா வருஷம் மாறும் இரண்டு துண்டும் எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே மிச்ச ஆறின் பலவீனத்தை முன்கூட்டி நிர்ணயிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்தத் துறையின் தலைவலி.

மறைமுகச் செலவுகள்: இந்தக் கொடை வைரஸ் ஒரு கம்பெனியின் சொத்து, கேட்டவுடன் கையில் கிடைக்காது. ஆரம்பத்தில் உறைநிலையில் வைக்க வேண்டியிருந்தது, 2007 முதல் சாதாரண ஃபிரிட்ஜ் போதும். ஆனால் திரவ மருந்தின் ஆயுள் சில மாதம்தான். இன்னொன்று, நிலைப்படுத்துவதற்குப் பன்றி ஜெலட்டின் சேர்க்கிறார்கள். கொழும்பில் தமிழ் பேசும் வீடுகளில் பாதி இந்த ஒரு வரியிலேயே பேச்சை நிறுத்திவிடும். பிரித்தானியாவில் முஸ்லிம் பெற்றோர் இதே கேள்வியைக் கேட்டு, அங்கே அவர்களுக்கு ஊசி மாற்று வழியாகக் கொடுக்கப்படுகிறது.

## வழி 2: லெனின்கிராட், அதே யோசனை வேறு முட்டை

அமெரிக்காவில் மாஸாப் கலங்களோடு மல்லுக்கட்டிய அதே காலகட்டத்தில் லெனின்கிராட்டில் முட்டையில் இதே வேலையைச் செய்தார்கள். 1957 ஆம் ஆண்டு ஆசிய ஃபுளூவின் வைரஸ் ஒன்றை 25 பாகையில் 17 முறை முட்டையிலிருந்து முட்டைக்கு ஓட்டினார்கள். வைரஸின் பெயரிலேயே அந்த 17 இருக்கிறது, ஏ/லெனின்கிராட்/134/17/57. பிள்ளைகளுக்கென்று 47 முறை ஓட்டிய இன்னும் சாதுவான ஒன்றும் இருந்தது. பின்னாளில் 17 ஆம் ஓட்டமே பிள்ளைகளுக்கும் போதிய பாதுகாப்பானது என்று கண்டு அதையே வைத்துக்கொண்டார்கள். முப்பது ஓட்டம் கூடுதலாக ஓடியது வீண். சோவியத் காலத்திலிருந்து மக்களுக்குக் கொடுத்த அனுபவம் இதற்கு உண்டு.

எங்களைப் போன்ற நாடுகளுக்கு முக்கியமான ஆண்டு 2009. சென் பீட்டர்ஸ்பர்க்கின் (லெனின்கிராட்டின் இன்றைய பெயர்) பரிசோதனை மருத்துவ நிறுவனம் இந்தக் கொடை வைரஸை உலக சுகாதார நிறுவனத்தின் ஊடாக வளரும் நாட்டுத் தயாரிப்பாளர்களுக்குத் திறந்துவிட்டது. 2010 இலேயே புனேயின் சீரம் நிறுவனம் நாசோவாக் என்று எச்1என்1 மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தாய்லாந்தின் அரச மருந்து நிறுவனம் எடுத்தது, சீனாவிலும் எடுத்தார்கள். நாசோவாக் உலர்த்திய தூள். தண்ணீர் கலந்து மூக்கில் அடிப்பது. வெயிலையும் கரண்ட் வெட்டையும் நினைத்துப் பார்த்தால் தூள் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இங்கேயும் அந்தப் 'பிடிக்குமா' கேள்வி விடவில்லை. 2013 இல் இதே மருந்தை பங்களாதேஷிலும் செனகலிலும் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். பங்களாதேஷில் மருந்தோடு பொருந்தும் திரிபுகளுக்கு எதிராக 57.5 சதவீதப் பாதுகாப்பு. செனகலில் பூச்சியம். ஒரே தயாரிப்பாளர், ஒரே எஞ்சின், ஒரே ஆண்டு. செனகலில் அந்தப் பருவம் பெரிதும் 2009 வகை எச்1என்1 பருவம், சந்தேகம் மறுபடி அதே துண்டின் மேல்தான் விழுகிறது. முடிவு செய்கிற இடத்தில் நான் இருந்தால் இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பேன்.

மறைமுகச் செலவு முட்டை. உயிருள்ள மருந்துக்கு ஒரு முட்டையிலிருந்து செயலிழந்த (வைரஸைக் கொன்று செய்யும்) மருந்தைவிடப் பல மடங்கு டோஸ் கிடைக்கும் என்பது உண்மை. உலக சுகாதார நிறுவனம் ஏழை நாடுகளுக்கு இதைத் தள்ளியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் வைரஸை உயிரோடு மூக்கில் அடிப்பதால், கோழி நோய்க்கிருமி எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்திய கோழிகளின் முட்டைதான் வேண்டும். கீல்ஸ் சுப்பர்மார்க்கட்டில் வாங்கும் முட்டை சரிவராது. காற்று வடிகட்டிய கூட்டில், ஒழுங்காக இரத்தம் சோதித்து வளர்க்கும் கோழிகள்.

என் ஆறு மாதப் பயிற்சியில் தினமும் காலையில் இருட்டறையில் முட்டையை விளக்கின் மேல் வைத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. பத்து நாள் முட்டையில் சிவப்பு நரம்புகள் ஆலம்விழுது மாதிரி ஓட்டோடு ஒட்டி இறங்கும், நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு துடிக்கும். நரம்பு மங்கி, பொட்டு அசையாமல் கிடந்தால் அது செத்த முட்டை, கூடைக்குள். ஒரு திங்கட்கிழமை அறுபதில் இருபத்திரண்டு செத்திருந்தன, சனி ஞாயிறில் அடைகாப்புப் பெட்டியின் ஈரப்பதம் இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு பயிற்சிக்கு அது இருபத்திரண்டு முட்டை. தொழிற்சாலைக்கு?

## நடுவில் ஒரு கிளைத் தீர்மானம்: கலப்பதா, கட்டுவதா?

மேலே சொன்ன இரண்டு எஞ்சினிலும் புது பொடியை மாட்ட இரண்டு முறை உண்டு. பழைய முறையில் கொடை வைரஸையும் இந்த ஆண்டு வைரஸையும் ஒரே முட்டைக்குள் விட்டு, கலந்து பிறப்பவற்றில் வேண்டியதைப் பொறுக்குவது. எட்டுத் துண்டு, இரண்டு பெற்றோர், ஆகவே 256 சேர்க்கை. எங்களுக்கு வேண்டியது அதில் ஒன்றே ஒன்று. குளிரில் வளர்த்து, கொடை வைரஸின் எச்.ஏ., என்.ஏ.வுக்கு எதிரான பிறபொருளெதிரி (வைரஸைப் பிடித்து முடக்கும் எதிர்ப்புப் புரதம்) ஊற்றி வேண்டாததை வடிகட்டுவார்கள். சில திரிபு உடனே வரும், சில திரிபு ஆளைச் சாகடிக்கும்.

புதிய முறை, 1999, 2000 இல் வந்த பிளாஸ்மிட் முறை. எட்டுத் துண்டையும் எட்டு டி.என்.ஏ. வளையங்களில் எழுதி, கலத்துக்குள் விட்டு வைரஸையே கட்டியெடுப்பது. பொறுக்கும் வேலை இல்லை, கிடைப்பது நீங்கள் எழுதியதேதான். ஃபுளூமிஸ்ட் இப்போது இப்படித்தான். காப்புரிமைச் சிக்கலும், 'மரபணு மாற்றிய உயிரி' என்ற சட்டக் கட்டமும் இதன் விலை. அந்தச் சட்ட வேலைக்கு ஆளும் அனுபவமும் இல்லாத நாட்டில் பழைய முறையின் ஒரு மாதத் தாமதம் புதிய முறையின் அனுமதிக் கடிதத்தைவிட மலிவு என்பது என் அபிப்பிராயம். தங்கச்சிக்கு இது பிடிக்கவில்லை, அவருக்குப் பிளாஸ்மிட் மேல் காதல்.

## வழி 3: என்.எஸ்.1 ஐ வெட்டிவிடுவது

வைரஸ் கலத்துக்குள் நுழைந்தால் கலம் இன்டர்ஃபெரான் என்ற அபாயச் சங்கை ஊதும். அந்த வாயைப் பொத்துவது வைரஸின் என்.எஸ்.1 புரதம். அதை வெட்டிவிட்டால் வைரஸ் உள்ளே போனதுமே ஊரே விழித்துக்கொள்ளும். 1998 இல் கார்சியா-சாஸ்ட்ரே குழு முழு என்.எஸ்.1 உம் இல்லாத வைரஸைக் காட்டியது: இன்டர்ஃபெரான் செய்யத் தெரியாத கலத்தில் வளர்கிறது, செய்யத் தெரிந்த உடலில் முடங்குகிறது.

அழகு என்னவென்றால், வெட்டிப்போன துண்டு தானாகத் திரும்பி முளைக்காது; ஓர் எழுத்து விகாரம் திரும்புவது போன்ற பயம் இல்லை. சங்கு ஊதுவதே நிர்ப்பீடனத்தைத் தூண்டவும் செய்கிறது. அசிங்கம் என்னவென்றால், எங்கே வளர்ப்பது? சாதாரண பத்து நாள் முட்டையும் சங்கு ஊதும். ஆகவே இன்டர்ஃபெரான் உண்டாக்க முடியாத வீரோ கலங்கள் (ஆய்வுகூடத்தில் வளர்க்கும் குரங்குச் சிறுநீரகக் கலங்கள்) வேண்டும், அங்கே விளைச்சல் குறைவு. மூக்கிலும் அதிகம் பெருகாது என்பதால் டோஸை ஏற்ற வேண்டியிருக்கும். ஹொங்கொங் பல்கலைக்கழகம் இதே வெட்டிய எஞ்சினில் கொவிட் புரதத்தின் துண்டை ஏற்றிய மூக்கு மருந்துக்கு 2022 டிசம்பரில் சீனாவில் அவசர அனுமதி கிடைத்தது. அதாவது பிற நோய்களுக்கு வாகனமாக இது பயன்படும். பருவ ஃபுளூவுக்கு முதல் தெரிவாக எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

## வழி 4: எழுத்தை மாற்றி, பொருளை மாற்றாமல்

இது எனக்கு மிகவும் பிடித்த யோசனை, பரிந்துரைக்கவும் போவதில்லை. ஓர் அமினோ அமிலத்தைப் பல விதமாக எழுதலாம். லியூசினுக்கு மட்டும் ஆறு குறியீடு. எந்தக் குறியீட்டுக்குப் பக்கத்தில் எது வருகிறது என்பதில் கலத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பழக்கமில்லாத சோடிகளாக மாற்றி எழுதினால் புரதம் அதே புரதம்தான், ஆனால் கலம் வாசிக்கும்போது தடுமாறும். 'கடலோரம் உரல் உருளுது' என்று பத்துத் தரம் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். எல்லாம் நல்ல தமிழ்ச் சொல்தான், நாக்குத்தான் புரளுது. 2010 இல் ஸ்டோனி புரூக் ஆய்வாளர்கள் கணினியால் இப்படி நூற்றுக்கணக்கான மாற்றம் செய்த ஃபுளூ வைரஸை எலியில் காட்டினார்கள்.

நூற்றுக்கணக்கான மாற்றமும் ஒன்றாகத் திரும்புவது நடக்காத காரியம். எதிர்ப்புச் சக்தி பார்க்கும் புரதம் நூற்றுக்கு நூறு அசலேதான். அப்போ என்ன குறை? ஃபுளூவில் பெருந்தொகை மக்களுக்குக் கொடுத்த அனுபவம் இல்லை. எவ்வளவு தடுமாற வைத்தால் சரியான பலவீனம் என்பதை ஒவ்வொரு தடவையும் தேட வேண்டும். எச்.ஏ.வையும் மாற்றி எழுதினால் வருஷா வருஷம் அந்தத் தேடலைத் திரும்பச் செய்ய வேண்டும். ஆய்வுக்கு அருமை, தொழிற்சாலைக்குக் காலம் வரவில்லை.

## வழி 5: ஒரே சுற்று வைரஸ்

எம்2 என்ற புரதத்தின் பரம்பரை அலகை எடுத்துவிட்ட வைரஸ் இது. கலத்துக்குள் போகும், புரதங்களைச் செய்யும், ஆனால் ஒழுங்கான பிள்ளை பெறாது. வெளியே பரவவே மாட்டாது என்பதால் மற்ற வழிகளுக்கு எட்டாத ஆட்களுக்கு இது எட்டலாம். நினைவிருக்கட்டும், ஃபுளூமிஸ்ட் இரண்டு வயதுக்குக் கீழ் கொடுப்பதில்லை. 2007 இல் வந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வில் ஊசியைவிட 55 சதவீதம் குறைவான ஃபுளூ என்று நல்ல பெயர் வாங்கினாலும், சின்னக் குழந்தைகளில் மூச்சு இழுப்பு கூடியது தெரிந்தது. விலை: எம்2 ஐத் தானே கொடுக்கும் தனிக் கலவரிசையில்தான் தயாரிக்கலாம், அது உரிமையாளரிடம்தான் இருக்கும், ஒரே சுற்று என்பதால் டோஸ் நிறைய வேண்டும். மனிதரில் சோதனைகள் நடந்திருக்கின்றன, சந்தைக்கு வரவில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | திரும்பி முரடாகும் பயம் | மூக்கில் பிடிப்பது | வளர்க்கும் இடம் | மனித அனுபவம் |
|---|---|---|---|---|
| ஆன் ஆர்பர் | மிகக் குறைவு | திரிபைப் பொறுத்து. எச்1என்1 இல் சறுக்கியது | முட்டை | 2003 முதல் சந்தையில் |
| லெனின்கிராட் | மிகக் குறைவு | நாட்டுக்கு நாடு வேறு | முட்டை | சோவியத் காலம் முதல் |
| என்.எஸ்.1 வெட்டு | கிட்டத்தட்ட இல்லை | பலவீனம் | வீரோ கலம் | சோதனைகள். கொவிட் வாகனமாக அனுமதி |
| குறியீடு மாற்றம் | கிட்டத்தட்ட இல்லை | சரிசெய்யலாம், தேட வேண்டும் | முட்டை அல்லது கலம் | கொஞ்சம் |
| ஒரே சுற்று | இல்லை | ஒரு தரம் மட்டும் | தனிக் கலவரிசை | சோதனைகள் |

அட்டவணையில் அடங்காத இரண்டு செலவு இருக்கிறது. ஊசி மருந்தாக இருந்தால் இரத்தத்தில் பிறபொருளெதிரி 1:40 வந்தால் பெரும்பாலும் அனுமதிக் கோப்புக்குப் போதும். மூக்கு மருந்து மூக்கின் சளிப்படலத்திலும் கலவழி நிர்ப்பீடனத்திலும்தான் அதிகம் வேலை செய்கிறது, இரத்தம் அதைக் காட்டாது. ஆகவே ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஒரு முழுப் பருவம் பின்தொடர வேண்டும். இங்கே ஃபுளூ ஆண்டின் நடுவில் ஒரு தரம், முடிவில் ஒரு தரம் எனத் தலை தூக்கும் நாடு. எந்தப் பருவத்தை என்று ஆரம்பிப்பதே ஒரு தீர்மானம்.

இரண்டாவது, பறவை ஃபுளூ மாதிரிப் பெருந்தொற்றுக்கான உயிருள்ள மருந்து. ஊரில் இன்னும் இல்லாத எச்.ஏ.வை உயிரோடு மூக்கில் அடித்தால், அதே மூக்கில் ஏற்கெனவே இருக்கும் பருவ ஃபுளூ அதைக் களவெடுத்துக் கலந்துவிடலாம். ஆகவே தயாரித்து வைக்கலாம், நோய் வரும்வரை ஊருக்குள் விடக்கூடாது. எச்5 மருந்துகள் மனிதரில் சோதித்தபோது மூக்கில் அதிகம் பெருகாமல் ஏமாற்றின, ஆனால் பிறகு சாதாரண ஊசி ஒன்று போட்டதும் எதிர்ப்புச் சக்தி துள்ளி எழுந்தது. 'பிடிக்கவில்லை' என்று எறிந்துவிட முடியாத ஒரே இடம் அது.

## யாருக்கு எது?

ஏற்கெனவே தரமான குளிர்ச்சங்கிலி இருக்கிறது, பணம் இருக்கிறது, வாங்கி மட்டும் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஆன் ஆர்பர். அதிலும் ஒவ்வொரு ஆண்டும் எச்1என்1 துண்டு எந்தத் திரிபு என்று கேளுங்கள், ஜெலட்டின் என்ன ஜெலட்டின் என்றும் கேளுங்கள். சொந்தமாகத் தயாரிக்க நினைக்கும், அல்லது பக்கத்து நாட்டுத் தயாரிப்பை நம்பி இருக்கும் எங்களைப் போன்ற நாட்டுக்கு லெனின்கிராட், பழைய முட்டைக் கலப்பு முறையில். அதுவும் செனகல் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டாமல், இங்கேயே பிள்ளைகளில் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகு. கைக்குழந்தை, நிர்ப்பீடனம் குறைந்தவர் என்று போனால் இப்போதைக்கு உயிருள்ள மருந்தே வேண்டாம், செயலிழந்த ஊசி இருக்கிறது. இரண்டு வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு ஒரே சுற்று வைரஸ் ஒரு நாள் வரலாம். ஆய்வுக்காரருக்கு, குறிப்பாகக் கணினியும் மேசையும் மட்டும் உள்ளவருக்கு, குறியீடு மாற்றம். எலியும் ஃபெரட்டும் (ஃபுளூவைச் சோதிக்கும் கீரி போன்ற பிராணி) பின்னால் பார்த்துக்கொள்ளலாம். கொழும்பில் ஃபெரட் எங்கே வாங்குவது என்று என்னைக் கேட்காதீர்கள்.

டொக்டர் லெனின்கிராட் பத்தியை வாசித்துவிட்டு, "அப்போ தூள்தான், சரி" என்று ஒரே வரியில் பதில் போட்டார். தங்கச்சி ஸ்லோவேனியா கதையைச் செமினாரின் நடுவில் வைத்திருக்கிறாராம், பிளாஸ்மிட்டையும் விடவில்லையாம். நண்பர் இரண்டு கிழமையாக வைரஸைப் பற்றிக் கதைக்கவே இல்லை. நோயில்லாத கோழி வளர்க்க ஒரு கூட்டுக்கு எவ்வளவு செலவாகும், காற்று வடிகட்டிக்கு மாதம் எத்தனை யூனிட் கரண்ட் போகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.